கேபினில் குடித்தனம்: எண்ணூர் சாலையிலிருந்து சில குறிப்புகள்

யூடியூபைத் திறந்தால் வேனுக்குள் வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களின் காணொளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மடக்குக் கட்டில், குட்டிச் சமையலறை, கூரையில் சோலார் தகடு, பின்கதவைத் திறந்தால் கடல். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஆலை மூடப்பட்டு ஊரே காலியான பிறகு வேனில் வாழப் போகும் ஓர் அமெரிக்கப் பெண்ணின் கதையான 'நோமேட்லேண்ட்' அதே ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு தோழர் எங்களிடம் கேட்டார்: "நம்ம ஊர்ல இப்படி வண்டியிலயே வாழறவங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் தோழர். ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, மறுபக்கம் வீடுகள், நடுவில் கன்டெய்னர் டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் அடைப்பு வந்தால் வால் திருவொற்றியூரைத் தாண்டும். வடக்கே 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். மணலியிலும் மாதவரத்திலும் கன்டெய்னர் யார்டுகள். இவற்றுக்கு நடுவே மாதத்தில் இருபது, இருபத்தைந்து நாள் இரண்டரை அடி அகலப் பலகையில் படுத்து எழுந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சோறு பொங்கி, ரியர்வியூ கண்ணாடியில் சவரம் செய்து வாழ்கிறவர்கள் நம் டிரைவர்கள். அவர்களை யாரும் காணொளி எடுப்பதில்லை. எடுத்தாலும் 'போக்குவரத்து நெரிசலால் பொதுமக்கள் அவதி' என்ற செய்திக்காகத்தான் எடுக்கிறார்கள்.

நாங்கள் இந்தச் சாலையை ஒட்டிய தெருக்களில் வளர்ந்தவர்கள். எங்கள் அப்பாக்களில் சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், சிலர் லாரி ஓட்டினார்கள். சமூகவியல் முதுகலை வகுப்பில் 'இடப்பெயர்வு' என்று ஒரு தாள் முழுக்கப் படித்தோம். வீடு ஓரிடத்தில் இருக்க, மனிதன் ஆண்டுக்கணக்கில் சக்கரத்தின் மேல் வாழ்வதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்தப் பாடத்தை இந்த வரிசையில் நிற்கும் அண்ணன்களிடம்தான் கற்றோம். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு முதல்முறை டிரெய்லரில் ஏறப்போகும் தம்பிகளுக்காக அவற்றைத் தொகுத்திருக்கிறோம். லாரியை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்களும் படிக்கலாம்.

தண்ணீர்

வண்டியில் ஏறும்போது டீசல் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் அளவைப் பாருங்கள். குடிக்க ஒரு 20 லிட்டர் கேன், கழுவ வேறொரு கேன். இரண்டுக்கும் நிறம் வேறாக இருக்கட்டும், இருட்டில் குழப்பம் வராது. ஜீரோ கேட் வரிசையில் நான்கு மணி நேரத்தில் உள்ளே போன நாளும் உண்டு, இரண்டு நாள் நின்றதும் உண்டு. நான்கு மணி நேரக் கணக்கில் தண்ணீர் பிடித்தவர் இரண்டாம் நாள் எதிர்சாரி வீட்டுக் குழாயடியில் கைநீட்டி நிற்பார். வடசென்னையில் அந்தக் குழாயே லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

வெயிலில் தலை சுற்றினால் கடைக் குளிர்பானத்தைத் தேடாதீர்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கரைத்துக் குடியுங்கள். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025-இல்தான் வந்தது. அதற்கு முன் வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாது. இங்கே ஓடுவதில் பெரும்பாலானவை பழைய வண்டிகள். ஆகவே பழைய வைத்தியம்தான்: முன்கண்ணாடிக்கு அட்டை, இரண்டு கதவும் திறப்பு, கழுத்தில் ஈரத் துண்டு.

தூக்கம்

நிழலுக்காக டிரெய்லருக்கு அடியில் பாய் விரிப்பதும், தொட்டில் கட்டுவதும் இந்தச் சாலையில் தினமும் காணும் காட்சி. வரிசை நகரும்போது பின்வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், யாரோ ஒருவர் ஏறி வண்டியை எடுப்பார். அதனால் மூத்த டிரைவர்கள் அடியில் படுக்காதே என்பார்கள். படுத்தே ஆக வேண்டுமென்றால் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். வண்டியை எடுப்பவருக்கும் ஒரு விதி உண்டு: ஏறுவதற்கு முன் குனிந்து, உன் வண்டியின் அடியையும் முன்வண்டியின் அடியையும் பார்.

கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்காதீர்கள். ஜன்னல் அளவுக்குக் கொசுவலையை வெட்டி, ஓரத்தில் காந்தத் துண்டு தைத்து ஒட்டிக்கொள்ளலாம். செலவு ஒருநாள் டீக்காசு. இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் ஆபத்து, வரிசையில் நெருக்கி நிற்கும்போது முன்வண்டிப் புகை உங்கள் கேபினுக்குள் வரும்.

அடுப்பு

5 கிலோ குட்டி சிலிண்டர் வாங்க முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். சமையல் வண்டிக்கு வெளியே, தரையில், காற்று மறைவில். கேபினுக்குள் வேண்டாம். துறைமுக வளாகத்துக்குள்ளும், தண்டையார்பேட்டை, மணலிப் பக்கம் எண்ணெய் டேங்கர்கள் நிற்கும் இடத்திலும் அடுப்பை எடுக்கவே வேண்டாம். பக்கத்து வண்டியில் ஆபத்தான சரக்குக்கான சாய்சதுரப் படம் ஒட்டியிருந்தாலும் அதே விதிதான்.

கெடாத சாப்பாடு எது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, புளிக்காய்ச்சல், வெயிலில் காய்ந்த உப்புக்கண்டம். இந்தக் கடைசிச் சாமானில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது நான்கு வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரே உலையில் பொங்குவது வழக்கம். ஒருவர் அரிசி, ஒருவர் காய், ஒருவர் எண்ணெய். மாட்டுக்கறி உப்புக்கண்டத்தை வெளியே எடுத்த நாளில் அந்தக் கூட்டு உலை கலைந்த கதையை எங்களிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். சண்டை ஒன்றும் நடக்காது. மறுநாள் "எனக்கு இன்னிக்கு பசி இல்லண்ணா" என்று ஒருவர் சொல்வார், அடுத்த நாள் இன்னொருவருக்குப் பசி இருக்காது. நாங்கள் சொல்வது ஒன்றுதான்: உங்கள் சோற்றை மறைத்துச் சாப்பிடாதீர்கள். உங்களோடு உட்கார்ந்து சாப்பிட இன்னொரு வண்டிக்காரர் எப்படியும் கிடைப்பார்.

கழிப்பறை

கிளீனர் இல்லாமல் ஒற்றை டிரைவராக ஓட்டுவது உள்ளூர் டிரெய்லர்களில் வாடிக்கையாகிவிட்டது. வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. இறங்கிப் போனால் இடம் போகும், பின்னால் இருப்பவர்கள் வசவு. ஆகவே அடக்குகிறார்கள், அடக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பும் கல்லும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பகலில் நிறம் மஞ்சளாக, எரிச்சலோடு போனால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு வாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

பாட்டிலில் பிடிப்பதைத் தவிர்க்க முடியாத நேரம் வரும். அதைச் சாலை நடுத்தடுப்பில் வீசாதீர்கள். மூடி இறுக்கி வண்டியிலேயே வைத்திருந்து, கழிப்பறை கிடைத்ததும் கொட்டுங்கள். வீசிய பாட்டிலை மறுநாள் காலை குனிந்து எடுப்பவர் யார் என்று நமக்குத் தெரியும். அவர் நம் தெருவில் இருந்து ஒப்பந்தக் கூலிக்குப் போகும் அக்கா. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கழிப்பறையே கட்டாத சாலையில் அந்தச் சட்டம் பாட்டிலுக்குள் அடைந்து கிடக்கிறது.

இந்தச் சாலைக்குக் கழிப்பறையும் குடிநீரும் கேட்டு நாங்கள் மனு கொண்டுபோனோம். ஓர் அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்தவர் நிதானமாகச் சொன்னார்: "இவங்க எல்லாம் இங்க நிரந்தரமா இருக்கறவங்க இல்லையே." பதினைந்து ஆண்டாக அதே வரிசையில் நிற்கும் ஒருவர் அப்போது எங்களோடு இருந்தார். அவர் எதுவும் பேசவில்லை, வெளியே வந்து பீடி பற்றவைத்தார்.

காற்று

எண்ணூரில் வண்டியை நிறுத்தித் தூங்குகிறவர் காற்றையும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கேபினில் தூங்குகிறவருக்கு யாரும் கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை. மூக்கைக் குத்தும் நெடி வந்தால் வண்டியை எடுக்கலாமா என்று யோசித்து நிற்காதீர்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக விலகுங்கள். கண் எரிந்தால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த இரண்டாவது கேன் அன்றைக்கும் உதவும்.

காகிதம்

லைசென்ஸ் உங்கள் பையில் இருக்க வேண்டும். ஓனரின் மேசை டிராயரில் இருக்கக் கூடாது. "பத்திரமா வெச்சிக்கறேன் தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டால், வேலையை விட நினைக்கும் நாளில் அதுவே கால்விலங்கு. நகல் கொடுங்கள், டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள்.

சட்டைப்பையில் ஒரு நோட்டு. எந்த நாள், எந்த வண்டி, எங்கே ஏற்றியது, எத்தனை மணிக்கு வரிசையில் நின்றது, எத்தனை மணிக்கு கேட் தாண்டியது, பேட்டா எவ்வளவு கைக்கு வந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஹால்டிங் காசு ஓனருக்கு வந்ததா, உங்களுக்கு வர வேண்டியதா என்ற பேச்சு வரும்போது அந்த நோட்டுதான் சாட்சி. அட்வான்ஸ் வாங்கினால் தொகையும் தேதியும் எழுதி, கழித்த ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். பண்ணையில் முன்பணம் வாங்கிய நம் தாத்தாக்களுக்கு எழுதத் தெரியாது, கணக்குப் பண்ணையாரிடம் இருந்தது. நமக்கு எழுதத் தெரியும்.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல் இடையில் அரைமணி ஓய்வு தர வேண்டும், இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றெல்லாம் எழுதியது. ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். ஆகவே ஒரே குடும்பத்தின் வண்டிகள் மனைவி பேரில் இரண்டு, மச்சான் பேரில் இரண்டு என்று பிரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். இப்போது அந்தச் சட்டமும் 2020-இன் தொழிற்சட்டத் தொகுப்பு ஒன்றுக்குள் கரைந்துவிட்டது. வரிசையில் நின்ற நேரம் வேலை நேரமா என்ற கேள்வியை இன்னும் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது வேலை நேரம்தான்.

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தனி நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்துக்கும் மரணத்துக்கும் நிதி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. பதிவைப் புதுப்பிக்கும் தேதி கேபினில் இருப்பவருக்கு நினைவிருக்காது. அதை வீட்டில் இருப்பவரின் பொறுப்பாக்குங்கள்.

"தம்பி என்ன ஆளுங்க?"

பயணக் குறிப்பு எழுதுகிற யாரும் இதை எழுத மாட்டார்கள், நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டச் சேரிகளிலிருந்து நம் பிள்ளைகள் டிரைவர் வேலைக்கு வந்ததற்குக் கூலி மட்டும் காரணம் இல்லை. வண்டியில் ஏறிவிட்டால் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டாம், நாலு மாநிலம் பார்க்கலாம், பெயர் 'டிரைவர்' என்றாகிவிடும். ஆனால் கேள்வி பின்னாலேயே வரும். முதலில் "எந்த ஊரு?", பிறகு "ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?", கடைசியில் நேராகவே கேட்பார்கள். சாலையோர ஓட்டல் சிலவற்றில் பதிலைப் பொறுத்து டம்ளர் மாறும்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் எழுதிய முதல் அனுபவமே பயணம் பற்றியதுதான். 1901-இல் சிறுவனாக, அண்ணனோடும் அக்கா மகன்களோடும் அப்பாவைப் பார்க்கப் புறப்படுகிறார். மசூர் ரயில் நிலையத்தில் அவர்கள் மஹர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் எவரும் வரவில்லை. இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். நிபந்தனை: பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். இரவில் சுங்கச்சாவடியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் சாப்பிடாமல் அந்த மாட்டுவண்டியிலேயே படுத்துக் கிடந்தார்கள். 1929-இல் சாலிஸ்காவ் ரயில் நிலையத்திலும் டோங்கா வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. சேரி மக்கள் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தம்மில் ஒருவரை ஓட்டவைத்தார்கள். வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது.

அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் ஒரு சிறு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். கறுப்பின மக்கள் காரில் போனால் எந்த விடுதியில் தங்கலாம், எந்த பங்கில் எண்ணெய் போடுவார்கள், எந்த உணவகத்தில் உட்காரவிடுவார்கள் என்ற பட்டியல் அது. முப்பது ஆண்டுகள் வந்தது. நம்மிடம் அச்சிட்ட கையேடு இல்லை. "அந்த பைபாஸ் கடையில நிறுத்தாத தம்பி, அடுத்த பாலம் தாண்டி ஒரு அக்கா கடை இருக்கு, அங்க போ" என்று வாய்வழியாகத்தான் கைமாறுகிறது. அதைப் புதியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி வந்தால் என்ன செய்வது? பொய் சொல்லித் தப்புகிறவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நடு இரவில், தெரியாத ஊரில், தனியாக நிற்பவருக்கு உயிர் முக்கியம். ஆனால் டம்ளர் மாறினாலோ, சாதிப் பெயரால் ஏசினாலோ அது குற்றம் என்று தெரிந்திருங்கள். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியால் தடுப்பதை அரசமைப்பின் 15-ஆம் பிரிவு மறுக்கிறது, 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்திருக்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கடைப் பலகையைப் படம் எடுங்கள், நேரத்தையும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள், கூட இருந்தவரின் எண்ணை வாங்குங்கள், 14566 என்ற உதவி எண்ணை அழையுங்கள். வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சாட்சி வேறொரு மாநிலத்துக்குப் போயிருப்பார்.

வண்டிக்குள் நீங்கள் பெரியவர் என்றால் கிளீனர் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் பலகையில் முறை வைத்துப் படுக்க இடம், அவனுக்கும் அதே டம்ளர், அவன் பேட்டா அவன் கையில். சுங்கச்சாவடியில் நமக்குக் கிடைக்காத தண்ணீரை நம் கேபினில் யாருக்கும் மறுக்கக் கூடாது.

வீடு

இந்த வரிசையில் தூங்குகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள் இல்லை. வடசென்னையின் நீர்க்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. நகரின் தென்கோடியில் வீடு, வடகோடியில் வேலை. இரவு பதினொன்றுக்கு லோடு இறக்கிவிட்டு அங்கே போய், விடியுமுன் திரும்பி வர வழியில்லை. சொந்த நகரத்திலேயே கேபினில் தூங்குகிறார்கள். வேன் வாழ்க்கைக் காணொளிகள் விடுதலை என்று சொல்வதை இவர்கள் மேல் அரசு சுமத்தியிருக்கிறது.

இவர்களுக்கான குறிப்பு: ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் புது முகவரிக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். பழைய இடத்தில் பெயர் நீக்கி, புது இடத்தில் சேர்க்காமல் விட்டால் உங்கள் பேச்சுக்கு எங்கும் மதிப்பிருக்காது. பிள்ளைகளோடு தினம் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். வீடியோவில் கேபினைக் காட்டுங்கள், அப்பா எங்கே தூங்குகிறார் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் வரை, வண்டியை விட்டு அதிக தூரம் போகாமல் சேரக்கூடிய கழிப்பறைகள், குடிநீர்க் குழாய், ஒரு நிழற்கூரை. இறங்கிப் போய்வர இடம் பிடித்து வைக்கும் டோக்கன் முறை. காத்திருந்த நேரத்துக்குக் கூலி, அது டிரைவர் கைக்கே வர வேண்டும். கடந்த மாதம் அந்த மனுவை மறுபடி எழுதினோம். இந்த முறை வரிசையில் நடந்து, ஒவ்வொரு கேபினாக ஏறி, 'முகவரி' என்ற இடத்தில் வண்டி எண்ணை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வர விரும்பும் தோழர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள், வெயில் தணிந்திருக்கும். வரும்போது ஆளுக்கு ஒரு கேன் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

ஜெய்பீம்.